பதினைந்தாவது வரி

"போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான் கலீல் ரஹ்மான்.

அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த சாபிரா கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்ன சொன்ன?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்னேம்மா."

"ஏலே, இந்த வாசல்ல நின்னு அந்த வார்த்தையச் சொல்லாதேன்னு எத்தன தடவ சொல்றது? 'வர்றேன்'னு சொல்லு."

எல்லாத் தமிழ் வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது. ஆனால் உத்தமபாளையத்தில் இந்த ஒரு வீட்டில் அது சட்டம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சாபிராவின் புருஷன் சேக் பரீத், குமுளிக்கு ஏலக்காய் எடுக்கக் கிளம்பிய அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் உயிரில்லாத மையத்தாகத்தான் வீடு வந்தார். அன்றிலிருந்து சாபிரா அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை. பேத்தி நசீமா பள்ளிக்கூடம் போகும்போதுகூட "வர்றேன் நன்னி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

"சரிம்மா, வர்றேன்" என்றான் கலீல். சொன்னானே தவிர அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் மனைவி முபீனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஆறுகூட ஆகவில்லை. ஸ்கேன் ரூமில் இவனுக்கு ஒன்பது மணிக்குத்தான் வேலை. அதுவும் போகட்டும். ஐப்பசி அடைமழையிலும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத் திரிகிற மனுஷன், மூன்று நாளாக மணிக்கட்டில் பித்தான் போட்டுக்கொண்டு அலைகிறான். கேட்டால் "குளுருது" என்கிறான்.

முபீனா நசீமாவுக்குப் பால் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனாள்.

"நீ இரு, நான் எடுத்துத் தர்றேன்." சாபிரா குறுக்கே வந்து நின்றாள். இதுவும் மூன்று நாளாக நடக்கிறது. யாரையும் ஃபிரிட்ஜைத் திறக்க விடுவதில்லை. மகன் கவலையில் மாமிக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று முபீனா வாயை மூடிக்கொண்டாள்.

வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்கு அது எந்தக் கவலை என்று தெரியும். இடையில் ஏறியவர்களுக்காக ஒரு வார்த்தை.

வியாழக்கிழமை விடியற்காலையில், அனுமந்தன்பட்டியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறிய ஜீப் உருண்டது. ஒன்பது பேர் உட்காரும் வண்டியில் பதினேழு பேர். சங்கிலியம்மாள் அங்கேயே முடிந்துபோனாள். ராக்கம்மாள் தேனி ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் கிடக்கிறாள், இன்னும் கண் திறக்கவில்லை. ஜீப்பை ஓட்டியவன் சலீம், கலீலின் தம்பி. தொடை எலும்பு நொறுங்கி அதே ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் கிடக்கிறான். முந்தின நாள் ராத்திரி அவன் வீட்டுக்கே வரவில்லை.

அவன் குடித்திருந்தானா? பள்ளத்தாக்கு முழுக்க இந்த ஒரு கேள்விதான். பதில் ஆஸ்பத்திரி சர்வரில் ரத்தப் பரிசோதனைப் பதிவாக இருக்கிறது. இன்று, சனிக்கிழமை, சாயந்தரம் ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து அதைப் பிரதி எடுத்துப் போகப்போகிறார். அதுவரை அந்தப் பதிவுக்குக் காவல் யார்? அந்த ஆஸ்பத்திரியின் ஒரே நெட்வொர்க் அட்மின், குற்றம் சாட்டப்பட்டவனின் சொந்த மதினி, முபீனா. இதைவிடப் பொல்லாத வேலை எதிரிக்கும் வரக்கூடாது.

எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரிப் படியேறினாள். ஐ.சி.யு. வாசலில், கைக்குட்டையில் எதையோ முடிந்து பிடித்தபடி ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். ராக்கம்மாளின் மகள் மாரீஸ்வரி. மூன்று நாளாக அதே இடம், அதே சேலை.

"அக்கா, நீங்க கம்ப்யூட்டர் பாக்குறவகதான?"

"ஆமாம்மா."

"அந்த டிரைவர் ரத்தத்த எடுத்து எழுதி வச்சிருக்காகளாம்ல. சாயந்தரம் போலீசு வர்ற வரைக்கும் அது பத்திரமா இருக்கும்ல அக்கா? என்னென்னமோ சொல்றாக. காசுள்ளவக மாத்திப்புடுவாகன்னு."

அந்த டிரைவரின் மதினிதான் முபீனா என்று இவளுக்குத் தெரியாது.

"பத்திரமா இருக்கும். நான் பார்த்துக்கிறேன்."

"ஆத்தாவோட தோடு" என்று கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள் மாரீஸ்வரி. "கழட்டிக் குடுத்துட்டாக. எந்திரிச்ச உடனே கேக்கும்."

முபீனா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கீழ்த்தளத்தில் இருக்கிற தன் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏ.சி.யும் மிஷின்களும் இரைகிற அறை. ஒரு மூலையில் பதிவுகள் இருக்கிற சர்வர், பக்கத்தில் அலமாரி மாதிரி ஒரு சட்டத்தில் சுவிட்ச்.

சுவிட்ச் என்றால் லைட்டுப் போடுகிற சுவிட்ச் இல்லை. ஆஸ்பத்திரியிலுள்ள அத்தனை கம்ப்யூட்டர் வயரும் வந்து கூடுகிற பெட்டி. நம் தேனி பஸ் ஸ்டாண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். எங்கிருந்து எங்கே போவதானாலும் அங்கே வந்துதான் போக வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். இன்னாரை விடு, இன்னாரை விடாதே என்று. பெட்டி மேலிருந்து கீழே படிக்கும். வருகிற ஆளுக்குப் பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அதற்கு அக்கறையில்லை.

நேற்று மத்தியானம் தலைமை டாக்டர் தங்கப்பாண்டி அவளைக் கூப்பிட்டு விட்டிருந்தார்.

"லேபையும் என்னையும் தவிர ஒரு ஆளு அந்த சர்வர் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. சலீம் உங்க வீட்டுப் பையன்னு தெரியும் முபீனா. வெளியாளக் கூப்பிட்டுச் செய்யலாம். உங்ககிட்டயே குடுக்கிறேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே, நேற்று நாலு மணிக்கு அந்தப் பட்டியலை முபீனா ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினாள்.

பத்தாவது வரி, லேப் கம்ப்யூட்டரை விடு. இருபதாவது வரி, டாக்டர் கம்ப்யூட்டரை விடு. முப்பதாவது வரி, வேறு யாரையும் விடாதே. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'லாக்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். அந்தச் சொல் இருக்கிற வரியில் யார் வந்து போனாலும் பெட்டி தேதி, நேரம், கம்ப்யூட்டர் எண்ணோடு குறித்து வைத்துக்கொள்ளும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று போடாமல் ஏன் பத்து, இருபது, முப்பது? இதே கேள்வியை ஒரு நாள் கலீல் கேட்டான். அவள் நெட்வொர்க் பரீட்சைக்குப் படித்த காலம். அவள் அடுப்பில் நிற்பாள், அவன் கட்டிலில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பான்.

"நடுவுல எதையாச்சும் சொருகணும்னா எடம் வேணும்ல" என்று சொல்லியிருந்தாள் முபீனா.

"அடிசக்கை. கல்யாணப் பந்தியில மாமா மச்சானுக்கு ரெண்டு எலை விட்டு வைக்கிற மாதிரி."

அவள் பரீட்சையில் தேறிய அன்று, படித்துக் காட்டிய தனக்குத்தான் பாதிச் சர்டிபிகேட் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான் அவன்.

காலை வேலைகளை முடித்துவிட்டு, பதினொரு மணி வாக்கில்தான் முபீனா கடவுச்சொல்லைத் தட்டி சுவிட்சுக்குள் போனாள். பட்டியலைக் கேட்டாள். திரையில் வந்தது.

பத்து. பதினைந்து. இருபது. முப்பது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நான்கு வரிதான். அவள் எழுதியது மூன்று.

பதினைந்தாவது வரி சொன்னது: முப்பத்தேழாம் எண் கம்ப்யூட்டரை விடு.

சுவிட்சின் கடவுச்சொல் இந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் தெரியாது. நசீமாவின் பெயரும் அவள் பிறந்த வருஷமும். ஆஸ்பத்திரியில் தெரியாதுதான். வீட்டில்?

எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த எண் என்று எழுதிய நோட்டைப் புரட்டினாள். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவள் விரலுக்கே தெரியும். முப்பத்தேழு, ஸ்கேன் ரூம்.

'நீங்களாங்க?' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

எழுதியவன் நல்ல மாணவன்தான். பத்தாவது வரியைப் பார்த்து அப்படியே இறக்கி, எண்ணை மட்டும் மாற்றியிருந்தான். ஈயடிச்சான் காப்பி என்று சொல்வோமே, அதேதான். அவள் எழுதிய 'லாக்' என்ற சொல்லையும் சேர்த்தே காப்பியடித்துவிட்டான். அந்தச் சொல் எதற்கென்று பரீட்சைப் புத்தகத்தில் பிந்தின பாடத்தில் வரும். அதை அவன் படித்துக் காட்டவில்லை. அந்த அத்தியாயத்தின்போது நசீமாவுக்கு அம்மை போட்டிருந்தது.

ஆகப் பெட்டி எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. நேற்று ராத்திரி எட்டு மணியிலிருந்து எட்டரை வரை. இன்று காலை ஏழரை மணியிலிருந்து விட்டு விட்டு. கடைசியாக, நான்கு நிமிஷத்துக்கு முன்னால்.

வேலியே பயிரை மேய்ந்தால்? மேய்ந்ததும் இவள் போட்ட வேலிதான்.

பதிவைத் திறந்து பார்க்க முபீனாவுக்கு அனுமதி கிடையாது. ஆனால் சர்வர் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது, அதன் அட்மின் கடவுச்சொல்லும் அவளிடம் இருந்தது. மாற்றிவிட்டானா என்று தெரிந்தாக வேண்டும். திறந்தாள்.

பெயர் சலீம். வயது இருபத்தொன்பது. ரத்தத்தில் மது: இல்லை.

'யா அல்லா!' ஒரு நொடி அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. குடிக்கவில்லையா என் கொழுந்தன்? வியாழக்கிழமை பதிந்த பதிவு. அதற்குப் பிறகு யாரும் திருத்தியதாகக் குறிப்பில்லை. அப்படியானால் கலீல் எதையும் மாற்றவில்லை, ஆசை பொறுக்காமல் எட்டிப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். தம்பி மேல் பாசம். திட்டிவிட்டு விட்டுவிடலாம்.

அப்போதுதான் கீழேயிருந்த வரியில் கண் போனது.

ரத்த வகை: ஏ பாசிட்டிவ்.

முபீனா அந்த வரியை விரல் வைத்து மறுபடி படித்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நசீமா பிறந்த நாளில், முபீனாவுக்கு ரத்தம் நிற்காமல் போனது. ஓ நெகட்டிவ் வேண்டும் என்று கம்பம் முழுக்கத் தேடினார்கள். லேசில் கிடைக்காத வகை. சேதி கேட்டுக் குமுளியிலிருந்து ஜீப்பை விரட்டிக்கொண்டு வந்து கையை நீட்டியவன் சலீம். "மதினி, இனிமே நீங்க என்னைய வைய முடியாது. வஞ்சா என் ரத்தமே என்னைய வஞ்ச மாதிரி" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தான்.

சலீமின் ரத்தம் ஓ நெகட்டிவ். இது அவளுக்கு யாரும் எழுதிக் காட்டித் தெரிய வேண்டியதில்லை. அப்படியானால் லேபில் சோதித்த குழாயில் இருந்தது யார் ரத்தம்?

அந்த வழியை முதலில் அடைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. பதினைந்துக்கு முன்னால் 'நோ' என்று போட்டுத் தட்டினாள். வரி போய்விட்டது. மறுபடி பத்து, இருபது, முப்பது.

மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. கதவு படாரென்று திறந்தது.

"வழிய ஏன் அடைச்ச?" என்றான் கலீல். மாடியிலிருந்து ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. ஒளிக்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

"உள்ள வந்து கதவச் சாத்துங்க."

சாத்தினான். அவன் கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கியது. முபீனா எழுந்து போய் அதைப் பிடித்துத் திருப்பினாள். பின்பக்கம் பெயர், விலாசம், ரத்த வகை. ஏ பாசிட்டிவ்.

அவன் இடது கையைப் பிடித்தாள். மணிக்கட்டுப் பித்தானைக் கழற்றிச் சட்டையை மேலே ஏற்றினாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடம் கருநீலமாகக் கன்றிப்போய் இருந்தது. அவசரத்தில் தனக்குத் தானே குத்திக்கொண்ட கை.

"எப்பங்க?"

"வியாழக்கெழம. சலீமுக்கு எடுத்த குழாய லேபுக்கு நானே கொண்டு போறேன்னு வாங்குனேன். பக்கத்துல போனா அவன் மேல அந்த வாடை… முபீனா, என் தம்பி ஜெயிலுக்குப் போயிருவான்டி. பாத்ரூம்ல வச்சு என் ரத்தத்த எடுத்து அவன் பேர ஒட்டிக் குடுத்தேன்."

"பொறகு இந்த வரி எதுக்கு?"

"வகை வேறன்னு அப்ப தோணல. நேத்துத்தான் தோணுச்சு." கலீல் தலையில் கை வைத்துக்கொண்டான். "மத்தியானம் அவனுக்கு ஆப்பரேசன். ரெக்கார்டப் பார்த்துட்டு ஏ பாசிட்டிவ ஏத்துனா உசுரு போயி மவுத்தாயிருவான். பொருத்திப் பார்த்துட்டு ஏத்துனா, ஏன் பொருந்தலன்னு கேள்வி வரும். அந்த ஒரு எழுத்த மாத்தணும், அவ்வளவுதான். நேத்து ராத்திரி முட்டிப் பார்த்தேன், லேப் பாஸ்வேர்டு கேட்டுச்சு. காலையில லேபுக்குப் போனேன், மானிட்டர் ஓரத்துலயே சீட்டு ஒட்டி வச்சிருக்காக. அதப் பார்த்து வந்து தட்டுறேன், வழிய அடைச்சுட்ட."

"வாயத் திறந்து டாக்டர்ட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்னாகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். மாமி பெற்ற இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் போலீஸ் கூட்டிப் போகும்.

கதவை யாரோ தட்டினார்கள். கலீல் திறந்தான். கையில் சாப்பாட்டுக் கூடையோடு சாபிரா. சலீமைப் பார்க்க வந்தவள், ஸ்கேன் ரூமில் மூத்தவனைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். இருவர் முகத்தையும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டியாடா?"

அப்படியானால் மாமிக்கும் தெரியும். மூன்று நாளாக ஒரே சோற்றைத் தின்று, ஒரே கூரையில் படுத்து, தனக்கு மட்டும் தெரியாமல். முபீனாவுக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முந்தி வந்தது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கீக ரெண்டு பேரும்."

"ஆத்தா, உன் காலுல விழுறேன்." சாபிரா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "ஏதோ கதவு உன் கையில இருக்காம்ல. பத்து நிமிசம் தொறந்து விடு. அவன் எழுதிட்டு வந்துருவான். உன்னைய ஒண்ணும் எழுதச் சொல்லல. அன்னைக்கு உன் உசுரக் காப்பாத்துனது யாரு? அவனுக்கு ஓடுற ரத்தந்தானே உனக்கும் ஓடுது!"

"மாமி, அங்கன ஐ.சி.யு. வாசல்ல ஒரு பொண்ணு ஒக்காந்திருக்கு."

"பார்த்தேன். பார்க்காமலா வந்தேன்? போனவக போயிட்டாக முபீனா. இருக்கிற என் புள்ளையவும் எடுத்துக்கிட்டா போன உசுரு வருமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? வாசகர்கள் வீட்டில் யோசித்து வையுங்கள். முபீனா திரையின் பக்கம் திரும்பினாள்.

உட்கார்ந்தாள். சுவிட்சுக்குள் போனாள். பதினைந்து என்று தட்டினாள். முப்பத்தேழாம் எண்ணை விடு என்று தட்டினாள். இந்தத் தடவை கடைசியில் 'லாக்' என்ற சொல்லைப் போடவில்லை. பழைய குறிப்புகளை அழித்துவிட்டால் பிறகு ஒருவருக்கும் தெரியாது. சலீமுக்குச் சரியான ரத்தம் ஏறும். குடிக்காதவன் என்ற பேரும் நிற்கும். நசீமாவைப் பெற்ற அத்தா வீட்டில் இருப்பார். ஒரே ஒரு தட்டு.

எண்டர் பட்டன் மேல் விரல் நின்றது. தட்டவில்லை. எடுக்கவும் இல்லை.

"தட்டு முபீனா" என்றான் கலீல்.

'நான் பார்த்துக்கிறேன்' என்று காலையில் தான் சொன்ன வார்த்தை காதுக்குள் கேட்டது. அந்தக் கைக்குட்டை முடிச்சும் கண்ணுக்குள் வந்தது.

மேஜை மேலிருந்த போன் அலறியது. மூன்று பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. லேபிலிருந்து பவுனு. நாலு வருஷமாகச் சோற்றுப் பாத்திரத்தை மாற்றிக்கொள்கிற சிநேகிதி.

"முபீனா, ஒரு ஓரமா ஒக்காந்துக்க. ஒன் கொழுந்தனுக்குத் தொடைக் கட்ட அவுத்த எடத்துல ரத்தம் நிக்க மாட்டேங்குது. தியேட்டருக்குத் தூக்கிட்டாக. பொருத்திப் பார்க்க நேரமில்ல, ரெக்கார்டுல இருக்கிற வகையவே அனுப்புன்னு சத்தம் போடுறாக. ரெண்டு பாட்டில் ஏ பாசிட்டிவ் எடுத்து வச்சுட்டேன். வீட்டுல யார்கிட்டயாச்சும் சொல்லணும்னா…"

இப்போது வழியைத் திறந்து, அவன் மாடிக்கு ஓடி, எழுதி, அதை லேப் திரும்பப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

"பவுனு, அத அனுப்பாத."

"என்ன?"

"அனுப்பாத! அவனுக்கு ஓ நெகட்டிவ்."

"ரெக்கார்டுல ஏ பாசிட்டிவ்னு…"

"அது அவன் ரத்தம் இல்ல."

பவுனு மெதுவாகக் கேட்டாள். "அப்ப யாருது?"

முபீனா புருஷனைப் பார்த்தாள். அவன் ஏற்றிவிட்ட சட்டைக் கையை இறக்கக்கூட மறந்து நின்றான். ஏழு வருஷம் கூட வாழ்ந்த முகம். இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அது தன்னை எப்படிப் பார்க்கும்?

"என் வீட்டுக்காரரோடது" என்றாள்.

சாபிரா "யா ரப்பே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது பெறகு பேசலாம்" என்றது பவுனுவின் குரல், அவசரமாக. "ஓ நெகட்டிவ் ஸ்டாக்குல ஒண்ணுமே இல்ல முபீனா. பெரியகுளத்துல கேக்கணும், வர ஒரு மணி நேரமாகும். அவன் தாங்குவானான்னு தெரியல."

"என்கிட்ட இருக்கு. வர்றேன்."

போனை வைத்தாள். திரையில் எழுதி வைத்திருந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். பட்டியல் பழையபடி மூன்று வரியாக நின்றது. குறிப்புகளைத் தொடவில்லை.

"டாக்டர் ரூமுக்கு நீங்களே போங்க" என்றாள் கலீலிடம். "நான் சொல்றதுக்கு முந்தி நீங்க சொல்லணும்."

அவன் தலையாட்டினான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை, மூன்று நாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்த களைப்புதான் இருந்தது. வாசல்வரை போய்த் திரும்பி, எதையோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படியேறிப் போனான்.

லேபுக்குப் பக்கத்து அறையில் கட்டிலில் படுத்தாள் முபீனா. அவசரச் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்து அனுப்பிவிட்டு, பவுனு அவள் கையில் பட்டையை இறுக்கி ஊசியைச் செருகினாள். கீழே தொங்கிய பையில் ரத்தம் இறங்கத் தொடங்கியது. கால்மாட்டில் சாபிரா கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப சலீம் உடம்புல எடுத்துப் பார்த்தா தெரியாதா பவுனு?"

"மூணு நாளாச்சுல்ல, என்னத்தத் தெரியும்? அன்னைக்கு எடுத்த அசல் குழாய் இருந்தாத்தான் தெரியும். அதத்தான் போலீசு கேக்கும். உன் வீட்டுக்காரர் அதக் கொட்டிட்டாரா?"

"தெரியல. கேக்கலை."

கொட்டியிருப்பானா கலீல்? கோழி அறுத்தால்கூட அந்தப் பக்கம் திரும்பாதவன், தம்பியின் ரத்தத்தைச் சாக்கடையில் ஊற்றியிருப்பானா? மனசு வந்திருக்காது. எங்காவது வைத்திருப்பான். கெட்டுப்போகாமல், குளிர்ச்சியாக…

'நீ இரு, நான் எடுத்துத் தர்றேன்.'

முபீனா சட்டென்று தலையைத் தூக்கினாள். சாபிரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி நினைத்தது மற்றவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாபிரா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடையைக் கையில் எடுத்தாள்.

"மாமி, எங்க கெளம்பிட்டீக? சலீம் தியேட்டர்ல இருக்கான்."

"நசீமா பள்ளிக்கூடம் விட்டு வந்துரும்."

"பக்கத்து வீட்டுல பார்த்துக்குவாக. இருங்க மாமி. ஃபிரிட்ஜத் தொடாதீக மாமி!"

முபீனா எழப் பார்த்தாள். "அசையாத, ஊசி இருக்கு" என்று பவுனு தோளைப் பிடித்து அழுத்தினாள். பை பாதிகூட நிறையவில்லை.

சாபிரா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்ணில் இப்போது தண்ணீர் இல்லை.

"நான் போறேன்" என்றாள்.

பன்னிரண்டு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை.

"மாமி, வர்றேன்னு சொல்லுங்க! மாமி!"

நடையில் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. சுவரில் மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. உத்தமபாளையம் பஸ் பன்னிரண்டே காலுக்கு.